கருணை வாயில்: மும்பையின் மிகப் பழைய யூத ஜெபாலயம்

மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தை விட்டுப் புறப்படும் மின்சார ரயிலுக்கு அடுத்த நிலையம் மஸ்ஜித். மிளகாய், மஞ்சள், உலர்ந்த பழ வகைகள் ஆகியவற்றை மொத்தமாக விற்கும் கடைகளை நாடி நம்மவர் பலர் அந்நிலையத்தில் இறங்கியிருப்பார்கள். பெயரைக் கேட்டதும் அருகிலுள்ள ஏதோ ஒரு பள்ளிவாசலை எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் அப்பெயருக்கு வேறொரு விளக்கமும் வழங்கி வருகிறது. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட 'பெனே இஸ்ரேல்' என்னும் யூத சமூகத்தார் தம் ஜெபாலயத்தை 'மஷீத்' என்றே அழைப்பது வழக்கம். அவர்களுடைய முதல் ஜெபாலயமான 'ஜூனி மஷீத்', அதாவது பழைய மஷீத், அந்நிலையத்துக்கு அணித்தே சாமுவேல் தெருவில் இருக்கிறது. நிலையத்தின் பெயரே அதிலிருந்து பிறந்தது என்பர் அச்சமூகத்தார்.

எபிரெய மொழியில் அதன் பெயர் 'ஷாஅர் ஹாரஹமீம்'. கருணை வாயில் என்பது அதன் பொருள். 1796-ஆம் ஆண்டில் எழுந்த அவ்வாலயமே மும்பையின் யூத ஜெபாலயங்களில் மிகப் பழையது. பெனே இஸ்ரேல் சமூகத்தார் எந்த ஊரிலும் கட்டிய ஜெபாலயங்களுள் முதலாவதும் அதுவே. பன்னூறு ஆண்டுகள் கொங்கணக் கரையின் சிற்றூர்களில் வாழ்ந்த அம்மக்களுக்கு, அங்கெல்லாம் ஓர் ஆலயம் இருந்ததில்லை. ஓர் ஏடும் இருந்ததில்லை. பிழைப்பை நாடி நகரத்துக்கு வந்த பிறகே அவை இரண்டும் அவர்களுக்கு வாய்த்தன. ஊரை விட்டு வந்தவர்கள் மெல்ல மெல்லத் தம் மரபை மறந்துபோவார்கள் என்று நாம் அஞ்சுகிறோம். இச்சமூகத்தின் வரலாறோ அதற்கு நேர்மாறானது. வெளியூரில் குடியேறி வாழும் நாம் அதை அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

கொங்கணக் கரையில்

மும்பைக்குத் தெற்கே, கடலுக்கு அப்பால், அலிபாக் என்னும் ஊர் உண்டு. அதனை அடுத்த நவ்காவ் கிராமத்தின் கரையோரத்தில் முன்னொரு காலத்தில் ஒரு மரக்கலம் உடைந்ததென்றும், அதில் வந்தவர்களுள் 7 ஆண்களும் 7 பெண்களுமே உயிர் பிழைத்துக் கரையேறினார்கள் என்றும், அவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்றும் பெனே இஸ்ரேல் மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். 'இஸ்ரவேலின் மக்கள்' என்பதே அப்பெயரின் பொருள். அவர்கள் வந்த காலம் எது என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒற்றுமை இல்லை. எருசலேம் ஆலயம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் மீண்டும் தூய்மை செய்யப்பட்டதைக் கொண்டாடும் விளக்குத் திருவிழாவைக் கொங்கணத்து யூதர்கள் அறிந்திருக்கவில்லை. ஆகவே அதற்கு முன்னரே அவர்கள் தாயகத்தை விட்டிருக்க வேண்டும் என்று கருதினார், அச்சமூகத்தின் வரலாற்றை எழுதிய ஹயீம் சாமுவேல் கெஹிம்கர்.

கரையேறியவர்களிடம் வேதச் சுருள் இல்லை; எபிரெய மொழியும் காலப்போக்கில் மறைந்தது. எள், தேங்காய் முதலியவற்றை ஆட்டி எண்ணெய் எடுப்பதே அவர்களுடைய தொழிலாயிற்று. வாரத்தின் ஏழாம் நாளாகிய சனிக்கிழமையன்று செக்கு ஓட்டமாட்டார்கள். அதனால் சுற்றுப்புறத்தார் அவர்களுக்கு 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்று பெயரிட்டனர். பிறந்த எட்டாம் நாளில் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்தார்கள். செதிலும் துடுப்பும் இல்லாத மீனை உண்ணமாட்டார்கள். இறைவன் ஒருவனே என்று சாற்றும் 'ஷெமா' என்னும் மறைமொழி ஒன்று மட்டும் எபிரெயத்தில் அவர்கள் நாவில் எஞ்சியிருந்தது. பிறப்பு, திருமணம், நேர்த்திக்கடன் ஆகிய எல்லாவற்றுக்கும் அதையே ஓதினார்கள்.

திருநாள்களின் எபிரெயப் பெயர்களும் மறந்துபோயின. புத்தாண்டு 'நவ்யாச்சா சண்' ஆயிற்று. பாயசம் வைத்துக் கொண்டாடும் நாள் ஒன்றுக்குக் 'கீரீச்சா சண்' என்று பெயர். பாவ மன்னிப்புக்காக உண்ணாநோன்பு இருக்கும் பெருநாளன்று கதவுகளை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அதற்குத் 'தர்ஃபால்னிச்சா சண்', கதவடைப்புத் திருநாள், என்பது பெயர். ஏன் கதவை அடைக்கிறோம் என்பதற்குரிய நூற்காரணம் அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் கதவை அடைக்க மறந்ததில்லை.

நாவித் ரஹாபி அல்லது தாவீது ரஹாபி என வழங்கும் ஆசிரியர் ஒருவர் அங்கு வந்து, பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். அவர்கள் செதிலற்றவற்றை ஒதுக்கிவிட்டதைக் கண்டு, இவர்கள் யூதர்களே என்று தெளிந்து, மூவரைத் தேர்ந்து சமயச் சடங்குகளைக் கற்பித்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அம்மூவரின் வழி வந்தவர்கள் 'காஜி' எனப்பட்டனர். அவ்வாசிரியர் வாழ்ந்த காலமும் உறுதிப்படவில்லை. கொச்சியில் புகழ் பெற்றிருந்த ரஹாபி குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர் என்பாரும் உளர்.

தாம் வாழ்ந்த கிராமத்தின் பெயரோடு 'கர்' என்னும் விகுதியைச் சேர்த்துக் குடும்பப் பெயராக்கிக்கொள்வது கொங்கண வழக்கம். பெனே இஸ்ரேல் குடும்பங்களும் கெஹிம்கர், பென்கர், திவேகர், ராஜ்பூர்கர் என்றே பெயர் பூண்டன. ஆட்பெயர்களும் மராத்தி உருக் கொண்டன. சாமுவேல் சாமாஜி ஆனார். ஆபிரகாம் ஆபாஜி ஆனார். ஈசாக்கு ஈசாஜி ஆனார். சொந்த ஊரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன் சுமந்து வாழும் நமக்கு இது வியப்பளிக்காது.

சிறையும் நேர்த்திக்கடனும்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவர்கள் பம்பாய்த் தீவுக்கு வரத் தொடங்கினார்கள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் தீவு அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. தச்சு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தோர் சிலர். கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்தோர் பலர். மாண்ட்வி வட்டாரத்தில் ஒன்றாகக் குடியிருந்த அவர்கள் பகுதிக்கு 'இஸ்ரேல் மொஹல்லா' என்ற பெயர் வழங்கிற்று. தொழுகை என்பது இன்னும் வீட்டுக்குள் நிகழ்வதாகவே இருந்தது.

அப்பட்டாளத்தில் பணியாற்றியவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். சாமாஜி ஹசாஜி என்பது அவர் வழங்கிய பெயர். 1780 முதல் 1784 வரை நடந்த இரண்டாம் மைசூர்ப் போரில் அவரும் அவருடைய சகோதரரும் திப்புவின் படையிடம் சிறைப்பட்டனர். அடுத்து நடந்ததாகச் சொல்லப்படுவதைப் பெனே இஸ்ரேல் குடும்பங்களில் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லுகிறார்கள். கைதிகளைத் தண்டிக்கும் வேளையில் இவர்களுடைய குலம் யாது என்று வினவப்பட்டது. 'பெனே இஸ்ரேல்' என்று விடை வந்தது. அதைக் கேட்ட திப்புவின் அன்னை, திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் 'பனீ இஸ்ராயீல்' மக்களைத் தம் வாழ்நாளில் காணும் பேறு வாய்த்ததே என்று வியந்து, அவர்களைக் கொல்லலாகாது என மகனிடம் வேண்டினாராம். சிறையில் இருந்தபோது, உயிருடன் ஊர் திரும்பினால் இறைவனுக்கு ஓர் ஆலயம் எடுப்பேன் என்று திவேகர் நேர்ந்துகொண்டார் என்பது அக்கதையின் முடிவு.

திப்புவின் அன்னை வேண்டியது வரலாறா, பக்தர்களின் புனைவா என்பதை இன்று நிறுவ இயலாது. 1784-ஆம் ஆண்டின் மங்களூர் உடன்படிக்கையால் போர்க்கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள் என்பது வரலாறு. எனினும் அக்கதையில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. தம்மை 'யூதர்' என்று கூறாமல் 'இஸ்ரவேலின் மக்கள்' என்றே கூறிக்கொண்ட பழக்கம், முஸ்லிம் அரசுகளின் ஆட்சியிலும் அவர்களுக்கு மதிப்பைத் தேடித் தந்தது. இன்னொன்றும் கருதத்தக்கது. ஒரு ஜெபாலயம் பிறந்த கதையை அம்மக்கள் சொல்லும்போது, அதில் கருணை காட்டுபவராக ஒரு முஸ்லிம் தாயை வைத்திருக்கிறார்கள். கருணை வாயில் என்னும் பெயரைக் கேட்போருக்கு அத்தாயின் நினைவும் உடன் வருகிறது.

விடுதலைக்கும் ஆலயத்துக்கும் இடையே 12 ஆண்டுகள் சென்றன. 1796-இல் நேர்த்திக்கடன் நிறைவேறிற்று. திவேகரின் பெயரையே அத்தெரு பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டு சாமுவேல் தெரு ஆயிற்று.

ஏடு தேடிக் கொச்சிக்கு

சுவரும் கூரையும் எழுந்துவிட்டால் ஜெபாலயம் ஆகிவிடாது. மோசேயின் ஐந்து ஆகமங்களையும் தோலில் கையால் எழுதிச் சுருட்டிய 'தோரா'ச் சுருளே அதன் உயிர். பயிற்சி பெற்ற எழுத்தர்தாம் அதை விதிப்படி எழுதவேண்டும். ஓர் எழுத்துப் பிழைபட்டாலும், அதைத் திருத்தும் வரையில் அச்சுருளை ஆலயத்தில் ஓதலாகாது. கொங்கணத்தில் எழுத்தரும் இல்லை, சுருளும் இல்லை. ஆகவே திவேகர் சுருள்களைப் பெற்றுவரக் கொச்சிக்குப் பயணமானார். 1797-இல் அங்கேயே காலமானார். தாம் கட்டிய ஆலயத்தில் நெடுநாள் தொழும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அவர் கொச்சியை நாடியதற்குத் தக்க காரணம் உண்டு. மலபாரில் யூதர்கள் நெடுங்காலமாகச் சிறந்து வாழ்ந்தனர். கொச்சியில் இன்றும் பயணிகள் சென்று காணும் பரதேசி ஜெபாலயம் 1568-இல் கட்டப்பட்டது. அங்குள்ள யூதர்கள் போற்றிக் காத்துவந்த செப்பேடு நமக்கும் உறவுடையது. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணமும் 72 விடுபேறுகளும் அளித்ததை அச்செப்பேடு பதிவு செய்கிறது. அது எழுதப்பட்டிருப்பது வட்டெழுத்தில். அதன் சொற்கள் பலவற்றை இன்றைய தமிழரும் எழுத்துக் கூட்டிப் படித்தால் அடையாளம் காண்பர். நம் நாட்டில் யூதர் பெற்ற உரிமைகளுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சாசனம் இதுவே.

திவேகர் தொடங்கிய உறவு அவரோடு முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கொச்சி யூத ஆசிரியர்கள் பம்பாய்க்கும் கொங்கணத்துக்கும் வந்து, தொழும் முறையையும் எபிரெய வாசிப்பையும் கற்பித்தனர். அவர்களுள் 1856-இல் மறைந்த சலோமோன் சாலேம் சுர்ரபியைப் பெனே இஸ்ரேல் மக்கள் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

எழுத்தும் கல்வியும்

ஆலயம் ஒன்று அமைந்ததும் அதனைச் சுற்றிப் பல தேவைகள் முளைத்தன. வழிபாட்டை நடத்த ஓதுவார் வேண்டும். ஓதுவதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டும். பூசல்களைத் தீர்க்கத் தலைவர் வேண்டும். 'முகாதம்' என்னும் தலைவரும் காஜியும் கூடி முடிவெடுக்கும் இடமாக ஜெபாலயம் விளங்கிற்று.

எபிரெயத்தைக் கற்கும் வேட்கைக்கு எதிர்பாராத இடத்திலிருந்தும் உதவி வந்தது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் வில்சன் 1832-இல் எபிரெய இலக்கணத்தை மராத்தியில் எழுதி வெளியிட்டார். பாதிரிமாரின் நோக்கம் மதமாற்றம்தான். பெனே இஸ்ரேல் மக்களோ இலக்கணத்தை ஏற்றுக்கொண்டு தங்கள் சமயத்திலேயே முன்னிலும் உறுதியாக நின்றார்கள். 1846-இல், எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவூட்டும் பஸ்கா இரவில் ஓதும் 'ஹகதா' என்னும் நூல் மராத்தி மொழிபெயர்ப்புடன் பம்பாயில் அச்சேறியது. பாட்டனுக்குப் பெயர் தெரியாதிருந்த சடங்கின் விளக்கத்தைப் பேரன் தன் தாய்மொழியில் படித்தான்.

மக்கள்தொகை பெருகவே, 1840-இல் 'ஷாஅரே ரட்சோன்' என்னும் இரண்டாம் ஜெபாலயம் எழுந்தது. அது புதிய மஷீத் எனப்பட்டது. முதலாவது அன்றுமுதல் பழைய மஷீத் ஆயிற்று. பழைய ஆலயம் 1860-இல் திருத்திக் கட்டப்பட்டது. 1875-இல் கெஹிம்கரும் நண்பர்களும் தொடங்கிய பள்ளிக்கூடம், பின்னர் மஸ்காவ் பகுதியில் சர் எல்லி கதூரி பள்ளியாக வளர்ந்தது. கெஹிம்கர் எழுதிய சமூக வரலாறு, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1937-இல் டெல் அவீவில் அச்சாயிற்று. அதே 1937-இல் பம்பாய் மேயராகப் பெனே இஸ்ரேல் மருத்துவர் எலிஜா மோசஸ் பொறுப்பேற்றார். மகாலட்சுமி, வொர்லிப் பக்கம் செல்லும் டாக்டர் ஈ. மோசஸ் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வின் கதையை எழுதிய ஜோசப் டேவிட் பென்கரும், ஆங்கிலக் கவிஞர் நிசிம் எசேக்கியேலும் இச்சமூகத்தில் தோன்றியவர்களே.

ஜெபாலயத்தின் உள்ளமைப்பு எளிமையானது. உருவம் எதுவும் இல்லை. எருசலேம் இருக்கும் மேற்குத் திசை நோக்கிச் சுருள்களை வைக்கும் திருப்பேழை. கூடத்தின் நடுவே ஓதுவோர் நிற்கும் மேடை. மாடியில் பெண்கள் அமரும் இடம். மேலிருந்து தொங்கும் விளக்குகள். எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு நாற்காலி ஒதுக்கப்படுவதும் உண்டு. எலியாவிடம் பெனே இஸ்ரேல் மக்கள் கொண்ட பக்தி அளவற்றது. அவருடைய ரதம் விண்ணேறிய தடம் அலிபாக் அருகே ஒரு பாறையில் பதிந்திருப்பதாக நம்பி அங்கே செல்கிறார்கள். வேண்டுதல் நிறைவேறினால் அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள் ஆகியவற்றைக் கலந்து 'மலீதா' படைத்து, அவர் பெயரால் நன்றி கூறிப் பகிர்ந்து உண்கிறார்கள். எபிரெயத்தைக் கற்றபின் பழைய கொங்கண வழக்கத்தைக் கைவிட்டுவிடாமல் இரண்டையும் ஒருசேரக் காத்தது அவர்களுடைய தனிச்சிறப்பு.

பத்தாவது மனிதர்

யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது 10 ஆண்கள் வேண்டும். அதற்கு 'மினியான்' என்று பெயர். 9 பேர் கூடி, அவர்கள் அனைவரும் மகா பண்டிதர்களே ஆனாலும், சில மந்திரங்களைச் சொல்ல முடியாது. வேதச் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து ஓத முடியாது. பத்தாமவர் எழுத்தறியாதவராயினும் அவர் வந்து நின்றால் வழிபாடு நிறைவு பெறும்.

இவ்விதி எல்லோரையும் சமமாக்கும் விதி. ஆனால் எவரைப் பத்தில் ஒருவராக எண்ணுவது என்ற கேள்வி எழுந்தபோது, அதுவே வேற்றுமை காட்டும் கருவியும் ஆயிற்று. பாக்தாதிலிருந்து வந்த செல்வ வணிகர் டேவிட் சசூன் 1832-இல் பம்பாயில் குடியேறினார். அவரைத் தொடர்ந்து வந்த பாக்தாத் யூதர்கள் தொடக்கத்தில் பெனே இஸ்ரேல் மக்களோடு சேர்ந்து தொழுதார்கள். நாளடைவில் விலகினார்கள். 1836-இல் யூத இடுகாட்டில் தங்களுக்கும் பெனே இஸ்ரேல் மக்களுக்கும் இடையே ஒரு சுவர் எழுப்பித் தரவேண்டுமென்று அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தார்கள். சசூன் குடும்பத்தார் பைகுல்லாவிலும் கோட்டைப் பகுதியிலும் எழிலார்ந்த ஜெபாலயங்களை எழுப்பினர். நகரத்துக்கு நூலகமும் கப்பல் துறையும் தந்த கொடையாளர்கள் அவர்கள். ஆயினும் பாக்தாத் யூதர்களில் பலர் பெனே இஸ்ரேல் மனிதரைப் பத்தில் ஒருவராக எண்ண மறுத்தது நெடுங்காலம் நீடித்த வடு.

அவமதிக்கப்பட்டோர் அக்குற்றத்தினின்று முற்றும் விலகி நின்றனர் என்றும் சொல்வதற்கில்லை. பெனே இஸ்ரேல் மக்களுக்குள்ளேயே 'கோரா', 'காலா' என இரு பிரிவுகள் இருந்தன. பிற குலத்துப் பெண்களுக்குப் பிறந்தவர்களின் வழி எனக் கருதப்பட்ட 'காலா' பிரிவினரோடு மற்றவர்கள் மணவுறவு கொள்வதில்லை. இருபதாம் நூற்றாண்டில் அப்பிரிவினை மங்கிற்று.

இஸ்ரேல் நாட்டில் குடியேறிய பின்னரும் இவர்களுக்குச் சோதனை காத்திருந்தது. மற்ற யூதர்கள் இவர்களை மணக்கலாமா என அங்குள்ள தலைமைக் குருமார் 1960-களின் தொடக்கத்தில் ஐயம் எழுப்பி, பல தலைமுறை வம்சாவளியை ஆராயவேண்டும் என்றனர். பெனே இஸ்ரேல் மக்கள் 1964-இல் எருசலேமில் அறப்போர் தொடுத்தனர். அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று நாடாளுமன்றம் அறிவித்தது, குருமாரும் இறங்கிவந்தனர்.

இன்றைய நிலை

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்திய யூதர்கள் 20,000-க்கு மேற்பட்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெனே இஸ்ரேல் மக்கள். 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் ஆண்டுதோறும் குடும்பங்கள் கப்பலேறின. விடுதலை பெற்ற இந்தியாவில் யூதர்கள் அரசால் விரட்டப்பட்டதில்லை. துன்பத்துக்கு அஞ்சி அவர்கள் போகவில்லை; முன்னோர் நாடு என்னும் பாசமும் பிள்ளைகளின் எதிர்காலமுமே அழைத்துச் சென்றன. இன்று இந்தியாவில் எஞ்சியிருப்போர் சில ஆயிரவரே. மகாராஷ்டிர அரசு 2016-இல் அவர்களுக்குச் சிறுபான்மையினர் என்ற தகுதியை வழங்கியது.

எஞ்சியவர்களும் பழைய மொஹல்லாவில் இல்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் இருந்த நம் குடும்பங்கள் முலுந்துக்கும் டோம்பிவிலிக்கும் நகர்ந்ததைப் போல, அவர்களும் வடக்கே நகர்ந்தார்கள். 1879-இல் எழுந்த ஜெபாலயத்தைக் கொண்ட தாணே இன்று பெனே இஸ்ரேல் மக்கள் மிகுதியாக வாழும் ஊர். சாமுவேல் தெருவைச் சந்தை ஆக்கிரமித்துக்கொண்டது. மூட்டைகளும் கைவண்டிகளும் நிறைந்த அத்தெருவில் கருணை வாயிலைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒரு காலத்தில் இடம் போதாமல் இரண்டாம் ஆலயத்தை வேண்டிய சமூகத்துக்கு, இங்கே 10 பேரைக் கூட்டுவதே பெருமுயற்சி ஆகிவிட்டது. ஒருவர் குறைந்தால் காத்திருக்கவேண்டும். ஒருகாலத்தில் எண்ணப்பட மறுக்கப்பட்டவர்களின் ஆலயத்தில் இன்று எண்ணுவதற்கு ஆள் தேடுகிறார்கள்.

எனினும் திவேகரின் நேர்த்திக்கடன் வீண்போகவில்லை. கதவை அடைத்து நோன்பிருக்க மட்டும் தெரிந்த மக்கள், அவர் திறந்து வைத்த வாயிலின் வழியே வேதத்தையும் மொழியையும் தம் வரலாற்றையும் மீட்டுக்கொண்டார்கள். இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் குடும்பங்கள் அங்கே மராத்தியை மறவாமல் மலீதா படைப்பதும் அந்த மீட்சியின் தொடர்ச்சியே.

அயலூரில் ஒரு பொதுக் கூடத்தை எழுப்பிக் காப்பதன் அருமை நம் சங்கத்து அன்பர்களுக்குத் தெரியாததன்று. கூட்டம் குறைந்த மாலைகளில், இன்னும் ஒருவர் வரமாட்டாரா என வாயிலைப் பார்த்திருக்கும் செயலாளர்கள் நம்மிடையேயும் உண்டு. அடுத்த முறை மஸ்ஜித் நிலையத்தில் இறங்கும்போது சாமுவேல் தெருவின் அச்சிறு ஆலயத்தை நினைவுகொள்வோம். வீடு திரும்பியதும், நம் சங்கத்தின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் அமர்வோமாக.